ஓம் விதி தெரியாதவன் சாகட்டுமா?

இ-சிகரெட் பேட்டரி வெடித்து யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் போதும், அரைமணி நேரத்துக்குள் ஒரு பதில் தயாராக வந்துவிடும். "ஓம் விதி தெரியாதவனை எவன்யா குறைந்த ஓம் அட்டமைசர் வாங்கச் சொன்னது?" கடைக்காரர் சொல்வார், கூடவே புகை விடும் நண்பர் சொல்வார், நேற்றுவரை ஒன்பதாம் வகுப்பு பௌதிகத்தில் கோட்டை விட்டவர் எல்லாம் ஜார்ஜ் சைமன் ஓமின் பேரப்பிள்ளை மாதிரி சொல்வார். தப்பு முழுக்க வாங்கினவன் தலையில். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் 'யூசர் எர்ரர்'. அத்தோடு கேஸ் குளோஸ்.

இந்தப் பதிலில் பாதி உண்மை, பாதி சப்பைக்கட்டு. பாதி உண்மை இருப்பதால்தான் அந்தச் சப்பைக்கட்டு இத்தனை வருஷமாகத் தாக்குப்பிடிக்கிறது.

இந்தியாவில் 2019-ல் அவசரச் சட்டமும் அதே வருஷம் முழுச் சட்டமும் போட்டு இ-சிகரெட் விற்பனையை நிறுத்திவிட்டதால், இங்கே பலர் இந்தச் சாதனத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காக இரண்டு வரி. 2003-ல் சீனாவைச் சேர்ந்த ஹோன் லிக் என்ற மருந்தாளுநர் காப்புரிமை வாங்கிய யோசனை இது. ஒரு பேட்டரி, அதன் தலையில் அட்டமைசர் என்று ஒரு குப்பி. குப்பிக்குள் கம்பிச்சுருள், சுருளைச் சுற்றிப் பஞ்சோ திரியோ, அதில் ஊறிய நிகோடின் திரவம். பட்டனை அழுத்தினால் கம்பி சூடாகும், திரவம் ஆவியாகும், இழுக்கிறவர் இழுத்துக்கொள்வார். வாட்டர் ஹீட்டர் காயிலும் இதுவும் ஒரே ஜாதி. சைஸ்தான் வேறு.

சுருளின் மின்தடை எவ்வளவு என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

2009, 2010 வாக்கில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவலாக ஓடியது 510 என்ற மாடல். பேனா மாதிரி ஒல்லியாக இருக்கும். அதன் சின்ன பேட்டரியின் கொள்ளளவு 180 மில்லி ஆம்பியர்-மணி அளவில்தான். கூட வந்த அட்டமைசரின் தடை இரண்டு ஓமுக்குக் கொஞ்சம் மேலே. 2.4 ஓம் என்று வைத்துக்கொண்டால் 3.7 வோல்ட்டில் ஓடுவது 1.5 ஆம்பியர் சொச்சம், சுருளில் கிடைப்பது ஆறு வாட்டுக்குச் சற்றுக் குறைவு. சிகரெட் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்தப் புகை போதவில்லை. "கொசுவத்தி மாதிரி வருது" என்று புலம்பினார்கள். வோல்ட்டைக் கூட்டினால் வேலை நடக்கும், ஆனால் அதற்குப் பெரிய பேட்டரியோ இரண்டு பேட்டரியோ வேண்டும். கடைக்காரர்கள் குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். வோல்ட்டை விடு, ஓமைக் குறை! 1.5 ஓம் அட்டமைசர் சந்தைக்கு வந்தது. அதே பேட்டரி, அதே மரை, மாட்டித் திருகினால் போதும். 2.5 ஆம்பியர், ஒன்பது வாட். புகை அள்ளியது. ஜனங்கள் ஆஹா என்றார்கள்.

அந்த 180 மில்லி ஆம்பியர்-மணி குட்டி பேட்டரியின் கதி? 0.18 ஆம்பியர்-மணி உள்ள செல்லிலிருந்து 2.5 ஆம்பியர் உறிஞ்சினால், அதன் கொள்ளளவைப் போல் கிட்டத்தட்ட பதினான்கு மடங்கு வேகத்தில் காலி செய்வதாக அர்த்தம். பழைய அட்டமைசரே எட்டு மடங்குக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தது. அதுவே அந்தச் சைஸ் செல்லுக்கு ஓவர். அதே 1.5 ஓமை 650 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் மாட்டினால் நாலு மடங்குகூட வராது, அது தாங்கிவிடும். ஆக 1.5 ஓம் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே தப்பு. எந்த பேட்டரியில் என்பதுதான் கேள்வி. ஆனால் இரண்டு பேட்டரிக்கும் ஒரே மரை! எதை எதில் வேண்டுமானாலும் திருகலாம். 230 வோல்ட் ஹீட்டருக்கு 15 ஆம்பியர் பிளக் பெரிசாகவும் மொபைல் சார்ஜருக்கு 5 ஆம்பியர் பிளக் சின்னதாகவும் ஏன் இருக்கிறது? மாற்றிச் செருகக் கூடாது என்பதற்காக. அந்த அடிப்படை புத்தியை இந்தத் தொழில் ஆரம்பத்திலேயே தலைமுழுகிவிட்டது.

இதில் வார்த்தை வேறு காலை வாருகிறது. 'குறைந்த தடை' என்றால் கேட்பவருக்கு என்ன தோன்றும்? பேட்டரிக்குச் சிரமம் குறைவு, சாதுவான சமாச்சாரம் என்றுதான் தோன்றும். உண்மை தலைகீழ். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் மாதிரி யோசித்துப் பாருங்கள். தடை குறைவு என்றால் குழாய் பெரிசு, தொட்டி சீக்கிரம் காலி. தண்ணீர்த் தொட்டி காலியானால் மோட்டார் போட்டுக்கொள்ளலாம். லித்தியம் செல் அப்படிச் சும்மா காலியாகாது, சூடாகும்.

இதற்குப் பிறகு வந்ததுதான் நிஜமான வெறியாட்டம். 1.5 ஓம் போய் 1 ஓம், அதுவும் போய் 0.5, 0.2, கடைசியில் 0.1 ஓம். யார் பெரிய மேகம் விடுகிறார்கள் என்று போட்டியே நடந்தது. பேட்டரியும் மாறியது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் உள்ள 18650 என்ற செல். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் செல்லை ஒரு உலோகக் குழாயில் போட்டு, அடியில் ஒரு பட்டன், மேலே அட்டமைசர். இதன் பெயர் மெக்கானிக்கல் மாட். நடுவில் சர்க்யூட் கிடையாது, ஃபியூஸ் கிடையாது, எதுவும் கிடையாது. டார்ச் லைட்டில் பல்புக்குப் பதில் ஷார்ட் சர்க்யூட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரனை மாட்டிய கதை.

முழு சார்ஜில் செல் 4.2 வோல்ட். 'ஓம் விதி மேதை' உடனே 4.2-ஐ 0.2-ஆல் வகுத்து 21 ஆம்பியர் என்பார். செல்லுக்குள்ளேயே ஒரு தடை இருப்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. கொஞ்சம் பழசான, சுமாரான செல்லுக்கு அந்த உள்தடை 0.05 ஓம் என்று வைத்துப் பார்க்கலாம். சுருள் 0.5 ஓமாக இருந்தால் மொத்தம் 0.55, ஓட்டம் 7.6 ஆம்பியர், செல்லுக்குள் விரயமாகும் சூடு மூன்று வாட்டுக்கும் குறைவு. சுருளை 0.2 ஆக்கினால் மொத்தம் 0.25, ஓட்டம் 16.8 ஆம்பியர், செல்லுக்குள் சூடு 14 வாட்! ஓட்டம் இரண்டு மடங்கு சொச்சம்தான் கூடியது, உள்சூடு ஐந்து மடங்கு. சுருள் 0.1 என்றால் 28 ஆம்பியர், 39 வாட். லேபில் சால்டர் செய்யும் இரும்பு 25 வாட். அதைவிட அதிகச் சூடு, எளிதில் தீப்பிடிக்கும் திரவத்தை அடைத்து மூடிய விரல் தண்டி குழாய்க்குள். இதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் டிசைன்.

சரி, கணக்கைச் சரியாகவே போடத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவராவது தப்பிப்பாரா?

முதலில் சுருளின் ஓமை அளக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மலிவு மல்டிமீட்டரை எடுத்து இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பூஜ்யம் காட்டாது. 0.2, 0.3 என்று எதையாவது காட்டும். அது வயரின் தடை. அந்த மீட்டரை வைத்துக்கொண்டு 0.1-க்கும் 0.2-க்கும் வித்தியாசம் பார்ப்பது, மளிகைக்கடைத் தராசில் தங்கம் நிறுப்பது போல. கையால் சுற்றும் சுருளில் ஒரு சுற்று குறைந்தாலே ஓம் மாறும். இரண்டு சுருளைப் பக்கம் பக்கமாகப் பொருத்தினால் தடை பாதியாகும்.

அடுத்து செல் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று தெரிய வேண்டும். உறையில் எழுதியிருக்குமே? எழுதியிருக்கும், யார் எழுதினது என்பதுதான் பிரச்சினை. சாம்சங், எல்ஜி, சோனி மாதிரி நாலைந்து பெரிய கம்பெனிகள் செய்த செல்லை, சில சமயம் அவர்கள் தரம் குறைவென்று ஒதுக்கியதையோ பழைய பேட்டரியிலிருந்து பிரித்ததையோ வாங்கி, வேறொருவர் கலர் கலராக உறை மாட்டி, இஷ்டத்துக்கு ஒரு நம்பர் அச்சடித்து விற்பது ஊரறிந்த தொழில். 18650 அளவில் நல்ல செல்லின் கொள்ளளவு 3500 மில்லி ஆம்பியர்-மணி சுற்றித்தான் நிற்கிறது. ஆன்லைனில் 9900 என்று அச்சடித்து விற்கிறார்கள். இந்தப் பீலாவை நம்பித்தான் ஓம் விதிக் கணக்கின் அடுத்த வரியைப் போட வேண்டும்.

இதைவிட விஷமமான ஒன்று. கொள்ளளவு கூடின செல் நல்ல செல் என்று யாருக்கும் தோன்றும். மொபைல் வாங்கும்போது அப்படித்தானே பார்க்கிறார்கள். ஆனால் ஒரே தலைமுறைச் செல்களை எடுத்துக்கொண்டால், கொள்ளளவு கூடக்கூடத் தாங்கும் ஆம்பியர் பொதுவாகக் குறையும். சாம்சங்கின் 25ஆர் என்ற செல் 2500 மில்லி ஆம்பியர்-மணிதான், ஆனால் தொடர்ந்து 20 ஆம்பியர் தரும். லேப்டாப்புக்கென்று செய்த 3400 ரகச் செல்கள் ஏழு ஆம்பியரைத் தாண்டினாலே திணறும். 'பெரிய நம்பர்' பார்த்து, காசு கூடக் கொடுத்து வாங்கினவர்தான் இங்கே ஆபத்தில் மாட்டுகிறார். இதற்குமா ஓம் விதி உதவும்?

எல்லாவற்றையும் சரிபார்த்தாயிற்று. இப்போது ஹைபிரிட் என்ற வகை மாட் வருகிறது. இதில் செல்லின் நேர்முனையும் அட்டமைசரின் நடு ஊசியும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும். அந்த ஊசி வெளிமரையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீட்டாத அட்டமைசரை மாட்டினால் எதிர்முனையான வெளிமரையே செல்லின் தலையில் உட்கார்ந்து, நேர்முனையோடு சேர்ந்து முழு ஷார்ட். சுருள் 2 ஓமா 0.2 ஓமா என்பதெல்லாம் அப்புறம் யாருக்கு வேண்டும்? மின்சாரம் சுருள் பக்கமே போகாது. ஒரு மில்லிமீட்டர் பித்தளை விஷயம். இதற்கு ஓம் விதியில் சூத்திரம் இல்லை.

"அதெல்லாம் நாலு செகண்ட்தானே அழுத்துவோம், செல் தாங்கும்" என்று அடுத்த ஜல்லி. நாலு செகண்டுக்கு ஒரு 'பல்ஸ்' ஆம்பியர் என்று உறையில் தனியாகப் பெரிய நம்பர் போடுவார்கள். எத்தனை செகண்ட் பல்ஸ், நடுவில் எத்தனை செகண்ட் ஓய்வு என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. அதை விடுங்கள். பட்டன் பையில் அழுந்திக்கொண்டால்? அப்போது யார் நாலு செகண்ட் எண்ணுவது?

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையைப் பார்த்தால் இது கற்பனை இல்லை என்று தெரியும். 2009 முதல் 2016 முடிய ஊடகங்களில் வந்த செய்திகளை மட்டும் வைத்து 195 தீ, வெடிப்புச் சம்பவங்களைத் தொகுத்திருக்கிறார்கள். அதில் 61 சம்பவங்கள் சட்டைப்பையில், பேண்ட்பையில் இருந்தபோது. 60 சம்பவங்கள் உபயோகத்தில் இருந்தபோது. 48 சார்ஜ் ஏறும்போது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் சார்ஜில் வெடித்ததற்கும் சுருளின் ஓமுக்கும் சம்பந்தம் குறைவு. பையில் உதிரியாகக் கிடந்த செல்லை நாணயமும் சாவிக்கொத்தும் ஷார்ட் செய்த கேஸ்களும் உண்டு. ஆனால் ஒரு விதத்தில் பார்த்தால் சாவிக்கொத்தும் ஒரு அட்டமைசர்தான், ஓம் மட்டும் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்.

சியாட்டிலில் ஒரே மருத்துவமனைக்கு 2015 அக்டோபர் முதல் 2016 ஜூன் வரை இப்படி வந்தவர்கள் 15 பேர். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2016-ல் அந்த டாக்டர்கள் எழுதினார்கள். 80 சதவீதம் பேருக்குத் தீக்காயம், மூன்றில் ஒருவருக்கு ரசாயனக் காயம். முகம், கை, தொடை, இடுப்புக்குக் கீழ். 2012-ல் புளோரிடாவின் நைஸ்வில்லில் 57 வயதுக்காரர் ஒருவருக்குப் பற்களும் நாக்கின் ஒரு பகுதியும் போயின. 2018 மே மாதம் அதே புளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 38 வயது மனிதர், வெடித்த மாடின் துண்டு தலைக்குள் பாய்ந்து இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸின் போர்ட் வொர்த்தில் 24 வயதுப் பையன், கழுத்து ரத்தக்குழாய் அறுந்து செத்தான். இவர்களுக்கெல்லாம் ஓம் விதி தெரியுமா தெரியாதா என்று விசாரிப்பவர்கள் கொஞ்சம் தங்கள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வது நல்லது.

எதிர்த்தரப்பும் ஒன்றும் யோக்கியமில்லை. பத்திரிகைகள் "இ-சிகரெட் வெடித்தது" என்று தலைப்பு போட்டு, நிகோடின்தான் வெடித்த மாதிரி, புகைதான் குண்டு மாதிரி எழுதுகின்றன. நிகோடின் கெட்டது, எல்லோருக்கும் தெரியும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெடிப்பது லித்தியம் செல். 'பார், சொன்னேனே, சிகரெட் பிடிச்சா இப்படித்தான்' என்று நீதிபோதனை செய்பவர்கள், வெடித்த செல்லை யார் செய்தார், யார் உறை மாற்றினார், யார் விற்றார் என்ற கேள்வியைக் கேட்காமலே கடந்துவிடுகிறார்கள். இவர்களுடைய போதனைக்கும் 'யூசர் எர்ரர்' கோஷ்டியின் கணக்கு வகுப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டு பேருக்குமே குற்றவாளி படுக்கையில் கிடப்பவன்தான்.

லித்தியம் செல் ஆபத்தானது, என்ன செய்ய முடியும் என்று கைவிரிக்கவும் முடியாது. 2008-ல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர் காரில் இதே 18650 செல்கள் 6831 இருந்தன. ஒவ்வொரு செல்லுக்கும் ஃபியூஸ் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு செல்லுக்கும்! லேப்டாப்பில் ஆறு செல் இருந்தால் கூடவே காவலுக்கு ஒரு சர்க்யூட் உட்கார்ந்திருக்கும். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரிக்கு ஃபியூஸ், மேஜைமேல் இருக்கும் பேட்டரிக்குக் காவல், பல்லுக்கு முன்னால் பிடிக்கும் பேட்டரிக்கு மட்டும் 'உனக்கு ஓம் விதி தெரியுமா?'

இ-சிகரெட்டிலேயே இதற்கு விடை எப்போதோ வந்துவிட்டது. சர்க்யூட் வைத்த மாட்கள். பட்டனை அழுத்தியதும் சுருளின் தடையை அதுவே அளக்கும். ரொம்பக் குறைவு என்றால் சுடாது. ஷார்ட் என்றால் நிறுத்திவிடும். பத்து செகண்டுக்கு மேல் அழுத்தினாலும் அணைந்துவிடும். இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, ஒரு சின்ன சிப்பும் சில டிரான்சிஸ்டரும். அப்படியும் வெறும் குழாயை ஏன் விற்றார்கள்? "இதுதான் சுத்தமான அனுபவம்", "கியர் வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்கு ஆட்டோமேட்டிக் எதற்கு" என்று ஒரு வீரப்பிரதாபம். கியர் வண்டி ஓட்ட லைசென்ஸ் கேட்கிறார்கள். கியர் வண்டியிலும் பிரேக் இருக்கிறது. பிரேக்கைக் கழற்றிவிட்டு 'சுத்தமான அனுபவம்' என்று எந்த ஷோரூமிலும் விற்பதில்லை.

யாரிடம் விற்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சிகரெட்டை விட முடியாமல் தவித்த ஐம்பது வயது லாரி டிரைவர், கம்பெனி வாட்ச்மேன், கல்லூரிப் பையன். "சிகரெட்டை விட்டுடுங்க, இது சேஃப்" என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிடும்போது ஓம் விதி தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. காசு வாங்கும்போதும் கேட்கவில்லை. வெடித்த பிறகுதான் பரீட்சை.

அமெரிக்காவில் இந்தச் சாதனங்களின் மின்பாதுகாப்புக்கென்று யு.எல். 8139 என்று ஒரு தரநிலை எழுதினார்கள். நல்ல தரநிலைதான், ஆனால் கட்டாயமில்லை. விருப்பப்பட்டால் பின்பற்றலாம். விருப்பப்பட்டு ஒழுங்காகச் செய்பவர்களால் எப்போதுமே பிரச்சினை இருந்ததில்லையே!

செல் செய்யும் பெரிய கம்பெனிகளின் பதில் இன்னும் அழகு. "எங்கள் செல்லை உதிரியாக யாருக்கும் விற்பதில்லை, பேட்டரி பேக் செய்பவர்களுக்கு மட்டும்தான்" என்கிறார்கள். உதிரிச் செல் ஒவ்வொரு புகைக்கடை கண்ணாடி அலமாரியிலும் வருஷக்கணக்காக அடுக்கி வைத்திருந்தது மட்டும் எப்படியோ அவர்கள் கண்ணில் படவில்லை. 2021 ஜனவரியில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உதிரி 18650 செல்களை வாங்காதீர்கள், பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கையும் வாங்குபவரைப் பார்த்துத்தான்.

காயம்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போனபோது எல்ஜி கெம் இதே பதிலை அங்கேயும் சொன்னது. எங்கள் வாடிக்கையாளர் நீ இல்லை, ஆகவே உன் மாநிலத்து நீதிமன்றத்துக்கு எங்களை இழுக்க உனக்கு உரிமையில்லை என்று. கலிபோர்னியாவில் 2022-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கட்சியை ஏற்றுக்கொண்டது. 2023-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ரகச் செல்லை அதே மாநிலத்தில் விற்றிருக்கிறாய், வாங்கினவன் நீ மனதில் நினைத்த ஆள் இல்லை என்பதற்காக ஓட முடியாது, வந்து பதில் சொல் என்றது. அது தீர்ப்பு இல்லை, வழக்கை அங்கே நடத்தலாம் என்ற அனுமதி மட்டுமே. பேண்ட்பையில் செல் வெடித்த ஒரு மனிதருக்கு, செல் செய்தவரைக் கூண்டில் பார்க்கும் அந்த அனுமதியை வாங்கவே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்த வழக்கில் ஓம் விதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.